குளிமுறியில் வெள்ளம் போகவில்லை

"ஹலோ… ஹலோ, அஜேஷே? மக்கா, பைப்பு பாக்க வாறேன்னுட்டு நீ எங்க நிக்கே? … அதியன்னூர்லயா? இன்னுமா? … எலே, எனக்க பிள்ள ஆசுபத்திரியில இருந்து இறங்கியாச்சு!"

சுகிர்தபாய் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு குளிமுறி வாசலில் நின்றாள். உள்ளே கணுக்கால் அளவு வெள்ளம் அசையாமல் கிடந்தது. பின்கட்டு அடுப்பில், பெற்ற உடம்பைக் குளிப்பாட்ட இலை போட்ட வேதுவெள்ளம் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் ஷாலுவுக்கு இது மூத்த பேறு. தாய்வீட்டில் வைத்துக் குளிப்பாட்டாவிட்டால் ஊர் சொல்வது கிடக்கட்டும், அவளுக்கே ஆறாது.

"ஓ, ஓ… கக்கூஸ் சரியாக்கும். இது குளிக்கிற வெள்ளம் போற பைப்பு. … வெளியில உள்ள சேம்பரா? மூடியத் தூக்கிப் பாத்தாச்சு. … காஞ்சு கெடக்கு மக்கா, ஒரு பொட்டு வெள்ளம் இல்ல. … அப்போ அடைப்பு இடையிலயா? முறிக்கும் சேம்பருக்கும் நடுவுல? … ஓ… ஓ…"

"கம்பியா? இட்டாச்சே! ஷாலுக்க அப்பா காலத்த எட்டு மணியில இருந்து குத்திட்டு நிக்காவ. … இல்ல, கல்லு மாதிரி இல்ல. குத்தினா உள்ள போவுது, கைய எடுத்தா திரும்பத் தள்ளுது. … எனக்கு என்னத்தத் தெரியும்! … இரு, இரு. ஏங்க! சவத்தக் குத்தினது மதி, நிறுத்துங்க! கம்பி நுனியில என்ன ஒட்டியிருக்குன்னு அஜேஷ் கேக்கான்!"

கணவர் ராஜப்பன் கம்பியை உருவி நீட்டினார். நுனியில் வெள்ளையாக ஒரு துணுக்கு. சுகிர்தபாய் அதைப் பிடித்து இழுத்தாள், நீண்டது. விட்டாள், சுருண்டது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து ரப்பர்ப் பாலிலேயே கை நனைத்தவள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"மக்கா… இது ரப்பராக்கும். … ரப்பர் லே, ரப்பர்! … ரப்பர் ஷீட்டடிக்கிற பொறையில பைப்பு உடைஞ்சு கெடக்கு. அதுகொண்டு இவிய நேத்து பால் வாளிய குளிமுறியில கொண்டுவந்து கழுவினாவ. … அது எனக்கும் தெரியும், வெறும் பால் அப்பிடி ஒடனே உறையாது. … அது… கேளு. நீ என்னைய ஏசப்பிடாது."

அவள் கணவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழைமூட்டுப் பக்கம் நகர்ந்தாள். குரல் பாதியானது.

"காலத்த வெள்ளம் மெல்லவாக்கும் போச்சு. பிள்ள வாற முறியில்லா, நாத்தம் கீத்தம் வேண்டாம்னுட்டு… நான் ஆசிட் ஊத்தினேன். … கக்கூஸ் கழுவுற ஆசிட் இல்ல மக்கா. பால உறைய விடுவோமே, ஷீட்டு ஆசிட்டு. … குப்பியோட. … சிரிக்காத லே! சிரிக்காதங்கேன்! பைப்புக்குள்ள ஷீட்டடிச்சு வச்சிருக்கேன் நான், உனக்குச் சிரிப்பு வருது என்னா?"

எதிர்ப்பக்கச் சிரிப்பு அடங்கியது. இப்போது அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் வாடிக்கொண்டே போனது.

"கரையாதா? … ஒண்ணுலயும் கரையாதா? வெந்நி ஊத்தினா? … ஓ… பின்னே? … தரைய உடைக்கணுமா? என் கர்த்தாவே! … சரி, உடை மக்கா, எல்லாத்தையும் உடை. இன்னைக்கே ஆவுமா? … சிமென்ட் காயணுமா… அப்போ நாலு நாளைக்கு வெள்ளம் படப்பிடாது என்னா… மக்கா, கார் உதியன்குளங்கரை தாண்டியாச்சு. மருமவனுக்க அம்மையும் கூட வாறா. ‘உங்க வீட்டுல வசதி காணுமா, எங்க ஒற்றசேகரமங்கலத்துக்குக் கொண்டு போவட்டா'ன்னு ஆசுபத்திரியில வச்சே கேட்டா. ஒரு கொறையும் வராதுன்னு சொன்னவ நானாக்கும். … அஜேஷே, வச்சிராத. கார் வந்துட்டு."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே வாசல் படலைக்கு ஓடினாள். சம்பந்தியம்மா முதலில் இறங்கினாள்.

"வாங்க, வாங்க… அய்யோ, பின்பக்கம் போவாண்டாம்… ஒண்ணுமில்ல, ஒரு சின்ன…"

சம்பந்தியம்மா குளிமுறியைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. பச்சை உடம்புக்காரியை வைத்துக்கொண்டு இங்கே எப்படி என்று மெதுவாகத்தான் கேட்டாள். சண்டைக்கு வந்திருந்தால்கூடச் சுகிர்தபாய் ஒரு கை பார்த்திருப்பாள். நியாயத்தோடு எப்படிச் சண்டை போடுவது? காரின் பின்சீட்டில் ஷாலு கண் கலங்க அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் வெள்ளைத் துணிக்குள் குழந்தை தூங்கியது.

"இறங்காத மக்களே. … சொன்னாக் கேளு, இறங்காத. அவிய சொல்லுறது சரியாக்கும். … நீங்களே கொண்டு போங்க. … இல்ல, எனக்கு ஒரு வெசனமும் இல்ல."

கார் திரும்புகிறவரைக்கும் ராஜப்பன் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். புகை அடங்கிய பிறகுதான் சுகிர்தபாய்க்குக் கையிலிருந்த போன் நினைவுக்கு வந்தது.

"அஜேஷே, லைன்ல நிக்கியா? … இன்னைக்கு ஓடி வரண்டாம் மக்கா. உனக்க வேலைய முடிச்சிட்டு மெல்ல வா. … இல்ல, அடைப்பு போவல்ல. … பிள்ள போயாச்சு. இனி இங்க குளிக்க ஆரு இருக்கா?"

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் கட் பண்ணிவிட்டாள்.