முந்திக்கிட்ட உறுமி

— சார், சார்! பைய டிக்கியில போடாதீங்க. மடியில வச்சுக்கங்க.

— உள்ள என்னமோ துணி சுத்திக் கெடக்கேண்ணே. கொஞ்சம் தள்ளி வச்சா...

— தள்ள வேணாம் சார். அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஏறுங்க. நாகமலை புதுக்கோட்டைதான?

— யூனிவர்சிட்டி வாசல்ல எறக்கி விட்ருங்க. அண்ணே... அந்தப் பாட்ட நிறுத்துறீங்களா?

— ஏன் சார், தலைவலியா?

— இல்ல. இது ‘கத்திரி வெயில்’ பேண்டுதான?

— அடேயப்பா! ஒத்தக்கடையில ஏறுன ஒருத்தரும் இதக் கண்டுபிடிச்சதில்ல. நாலாவது ஆல்பம் சார், ‘வத்தின ஆறு’.

— தெரியும். ஊத்திக்கிட்ட ஆல்பம்.

— வாயக் கழுவுங்க சார்!

— முந்நூறு சிடிகூட போகலண்ணே. மொத மூணு ஆல்பத்துக்கு மண்டபம் பத்தாம ஆடுன சனம், இத ஏறெடுத்தும் பாக்கல.

— ஆடுறதுக்கு வந்த சனம் சார் அது. இத உக்காந்து கேக்கணும். ரெண்டாவது பாட்டுல கிடார் வரும் பாருங்க... மணல்ல வெறுங்காலோட நடக்குற மாதிரி சுடும். அந்தப் பாடுற ஆளு, முன்னாடி தொண்டை கிழியக் கத்துனவரு, இதுல பக்கத்துல உக்காந்து பேசுறாரு. அதுக்கு எம்புட்டுத் தைரியம் வேணும்!

— தைரியமா, கிறுக்கா?

— ரெண்டும்னே வச்சுக்கங்க. அட்டையில மூஞ்சியே தெரியாது, அம்புட்டும் முடி. இப்ப எங்க இருக்காரோ மகராசன்.

— முடியெல்லாம் கொட்டிருக்கும்.

— கொட்டட்டுமே. பத்து வருசமா இந்த வண்டியில தெனம் ஓடுது. எங்க வீட்ல செல்லத்தாய் கேப்பா, நான் பேசுறத என்னைக்காச்சும் இம்புட்டு கவனமாக் கேட்டுருக்கியாய்யான்னு.

— ஹா... சரிதான். அண்ணே, நான் இன்னைக்கு அவங்க கச்சேரிக்குத்தான் போறேன்.

— அவுகளா? யூனிவர்சிட்டியிலயா? சார்... ஆறாவது பாட்டப் பாடுவாகளா?

— மாட்டாங்க. பழைய ஹிட்டு மட்டும் போதும்னு கச்சேரி நடத்துற பிள்ளைக சொல்லிருச்சுகளாம். பாடுறவரும் சரின்னுட்டாராம்.

— ... அதுவும் நல்லதுக்குத்தான்.

— என்னண்ணே, இம்புட்டு நேரம் தூக்கி வச்சுப் பேசிட்டு?

— அந்தப் பாட்டக் கெடுத்தது உறுமி சார். ஆத்துல தண்ணி வார பாட்டு. மொதல்ல உறுமி மெல்ல முனகிக்கிட்டே இருக்கும். பாடுறவரு கடைசி வரிய முடிச்சப்புறம்தான் தடதடன்னு விழணும். அந்தக் கிறுக்குப்பய முந்திக்கிட்டான். யூடியூப்ல அம்புட்டுப் பேரும் அதத்தான் கிழிச்சாக. ஆல்பம் படுத்ததே அதுலதான்.

— அதனால படுக்கலண்ணே.

— உங்களுக்குத் தெரியாது சார்.

— பாட்டு முடியட்டும்னு தண்ணி மதகுல காத்துக்கிட்டா நிக்கும்? ஆல்பத்துலயே உசுரு உள்ள எடம் அதுதாண்ணே. அந்த உறுமிக்காரரத் தேடாத எடமில்ல... தேடுனாங்களாம்.

— ... தேடுனாகளா?

— கோச்சடை ஸ்டூடியோவுல கேட்டா, பாட்டப் பதிவு பண்ணுன இஞ்சினியரு ஊர விட்டே போயிட்டாரு. அட்டையில பேரும் போடல. அது பெரிய தப்பு.

— சார்... காளவாசல் சிக்னலு. நிக்குற நேரத்துல ஒண்ணு கேக்கவா? நெசமாவே நல்லாருந்துச்சா அது?

— நெசமாத்தாண்ணே. ஏன் கேக்குறீங்க?

— அந்தக் கிறுக்குப்பய நான்தான் சார். எம்பேரு சோணை. அன்னைக்குப் பேண்டு ஆளுக யாருமில்ல. இஞ்சினியரு காதுல மாட்டிவிட்ட தாளக்கணக்கு டிக்கு டிக்குக்கு அடிச்சேன். சரியாத்தான் அடிச்சோம்னு இருந்தேன். சிடி வந்தப்புறம்ல தெரிஞ்சுச்சு... அதுக்கப்புறம் சாமி கும்பிடுக்குக்கூட உறுமியத் தொடல. டிக்கியில கெடக்கே, அதான். வீட்ல வச்சுப் பாக்கவும் முடியல, யாருக்கும் குடுக்கவும் மனசு வரல.

— ... சிக்னல் தாண்டி ஓரங்கட்டுங்கண்ணே.

— கோவமா சார்?

— நீங்க அடிச்சதுக்கு மறுநாள்தான் நான் பாடுனேன். கணக்குத் தப்புனது நீங்க இல்ல. ஹெட்போன்ல உங்க உறுமியக் கேட்டுத் அதுலயே லயிச்சுப்போயி, கடைசி வரியில பிந்துனது நான். திருப்பிப் பாட மனசு வரல. ஊரு உறுமியத் திட்டுனப்ப வாயத் தொறக்காம இருந்துட்டேன்... பத்து வருசம். நான் சிவபாண்டிண்ணே. டிக்கியத் தொறங்க, தோலு எப்படி இருக்குன்னு பாப்போம். இன்னைக்கு மொதப் பாட்டே ஆறாவது பாட்டுதான்.