எர்த் பார்க்கப் போன நாள்

மீட்டர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக்கூடாது. எந்த வீட்டுக்கு, எந்த வேலைக்கு என்று யோசித்து வாங்க வேண்டும். ராணுவத் தொழிற்சாலையில் மின்பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான், எனக்கு அது தெரியும்.

மின்சாமான் கடைகள் நிறைந்த தப்கீர் கல்லியில் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டுமே ஒயரிங், எர்த் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சோதிப்பவை. மலிவானது, எர்த் வழியை அளக்கும்போதே வீட்டுக் கரண்டை நிறுத்திவிடும். மற்றது கரண்ட் போகாமலே அளக்கும். “காகா, இது போதும்” என்று மராத்தியில் சொல்லி அவர் மலிவானதைத்தான் காட்டினார். நான் மற்றதை எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை கோகுல்நாத் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். நடுவில் கரண்ட் போனால் என் மகள் ரோஹிணிக்குத்தான் அடி விழும்.

ஒருமுறை அவளைப் போபோடியில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்று அழுதார். திரும்பப் போய்விட்டாள். அடுத்த முறை போலீசுக்குப் போனேன். சமாதானம் பேசி இருவரையும் அனுப்பிவைத்தார்கள். “அவளே போறேங்கறா, நாம என்ன பண்ண முடியும்?” என்றாள் என் மனைவி சரசா.

வெந்நீர் கெய்சர் குழாயைத் தொட்டால் கை சுரீரென்கிறது என்று ரோஹிணி போனில் சொன்னதால்தான் மீட்டரே வாங்கினேன். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் மகர்பட்டாவில் அவள் வீட்டுக்கு பஸ் ஏறினேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் அளந்தேன். ஒரு ஓமைத் தாண்டக்கூடாத இடத்தில் மீட்டர் ஆயிரத்துக்கு மேல் காட்டியது. சுவருக்குள் எங்கோ எர்த் ஒயர் அறுந்திருந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, ஷாக் அடித்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்த வேண்டிய சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். அது இறுகிப் போயிருந்தது. விழவில்லை. கெய்சருக்குள் ஹீட்டர் கம்பி பொத்துப் போகிற வரைக்கும் வெறும் சுரீர்தான். அதற்கப்புறம் தொட்டவர் பிழைக்க மாட்டார்.

சொல்லத்தான் ஹாலுக்கு வந்தேன். ரோஹிணி காபி நீட்டினாள். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். டம்ளரை வாங்கும்போது சட்டைக் கை விலகியது. மணிக்கட்டுக்கு மேலே கன்றியிருந்தது.

“என்ன மாமா, பாஸா ஃபெயிலா?” என்று லேப்டாப்பிலிருந்து தலை நிமிராமல் கேட்டார் மாப்பிள்ளை.

“பாஸ்தான் மாப்பிள்ளை” என்றேன்.

காபியைக் குடித்தேன். லிஃப்ட் வரை வந்த ரோஹிணியிடம், இனிமேல் வெளிக் குளியலறையிலேயே குளி, அந்தக் குழாய்ப் பக்கமே போகாதே என்றேன்.

“ஏம்ப்பா? பாஸுன்னேளே.”

“சொன்னதைக் கேளு.”

தலையாட்டினாள். யார் எது சொன்னாலும் தலையாட்டப் பழகியிருந்தாள்.

நான் எந்த ஒயரையும் அறுக்கவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டுவிட்டு வந்தேன். அதன்பின் போன் அடிக்கும்போதெல்லாம் அதுதானோ என்று எடுத்தேன். மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில் போன் வந்தது. மாப்பிள்ளையின் குரலைக் கேட்டதும் முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

“குழாயைப் பிடிச்சதும் என்னால விட முடியலை மாமா. கத்தினேன். ரோஹிணி ஓடி வந்து இழுத்தா. நான் வெளில விழுந்துட்டேன். அவ கை குழாய்ல பட்டுடுத்து.”

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைத் தள்ளிவிடவில்லை. அவரைப் பிடித்து இழுக்காமல் அவள் சும்மா நின்றிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மீட்டர் பழுது, கம்பெனியைச் சும்மா விடக்கூடாது என்று அவர் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். அதற்காகத்தான் வந்தேன். மீட்டர் சரியாகத்தான் காட்டியது. தெரிந்தே பொய் சொன்னவன் நான். கோகுல்நாத் சாக வேண்டும் என்று நினைத்துச் சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ரோஹிணியின் பெயரை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். என் மகளை நான் ஒன்றும் செய்யவில்லை.