ஒரே கழியில் இரண்டு கொடி

ஓடுகிறோம். மாமனாரின் கை என் கையில். பின்வாசல் தாண்டி சந்து. பின்னால் கண்ணாடி உடைகிறது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. மணி நாலு இருபத்தைந்து. பட்டப்பகல், அக்னி நட்சத்திர வெயில். அவர் காலில் செருப்பு இல்லை. தரை கொதிக்கிறது.

"அக்கா, மெயின் ரோட்டுப் பக்கம் போவாதீங்க! அங்கயும் நிக்கிறானுங்க!"

மாடியிலிருந்து கத்துகிறாள் செல்வி. பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் முருகன் எங்கள் வாசலில் நிற்கிறான். கையில் கல்.

எங்கள் ஊருக்குப் போர் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லை எங்கோ வடக்கே இருக்கிறது. குண்டு விழுந்தது அங்கே. உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், எங்கள் தெருவில் விழுந்தது செங்கல்தான். ஆனாலும் உயிர்பயம் உயிர்பயம்தான்.

எல்லையில் சண்டை தொடங்கிய வாரம் அது. சாயங்காலம் நாலு மணிக்குச் சைரன் ஒத்திகை என்று அறிவித்திருந்தார்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் முருகன் போட்டான்: "நாலு மணிக்குள்ள எல்லா வீட்லயும் கொடி பறக்கணும். எந்த வீட்ல பறக்கலன்னு பாத்துக்கலாம்." அதற்குக் கைதட்டும் பொம்மை போட்டவர்களில் நானும் ஒருத்தி. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதோடு நான் நிற்கவில்லை. அன்று காலை காதர் பாய் கடைக்குக் கறி வாங்கப் போனேன். பதினெட்டு வருஷமாக அங்கேதான் வாங்குகிறேன். கை கறி வெட்டினாலும் வாய் கேலி பேசிக்கொண்டே இருக்கும் மனுஷன். "என்ன பாய், எல்லார் வீட்லயும் பறக்குது. ஒங்க கொடி எங்க?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"வாங்கியார ஆள் அனுப்பியிருக்கேன்க்கா" என்றார்.

என் மாமனார் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். பாஸ்போர்ட் பிரான்ஸ். சாப்பாடு கருவாட்டுக் குழம்பு. மகள் அங்கிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "அந்தக் குளுர்ல எவன் இருப்பான்" என்று போனை வைத்துவிடுவார். காது மெஷின் இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது.

வருஷாவருஷம் ஜூலை பதினாலாம் தேதி, பிரான்ஸின் தேசிய தினத்தன்று, வாசலில் ஒரு மூங்கில் கழி நடுவார். அதில் இரண்டு கொடி. நம் நாட்டுக்கொடியும் பிரான்ஸ் கொடியும். தெருவே வந்து கேக் சாப்பிடும். முருகன் இரண்டு துண்டு கேட்டு வாங்குவான். கொடிக்குக் கீழே நின்று செல்ஃபி எடுப்பான்.

அதனால் அன்றைக்கு "மாமா, கொடி கட்டணுமாம்" என்று நான் சொன்னதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வழக்கம்போலக் கட்டினார். இரண்டையும். நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்த்திருந்தாலும் எனக்கு அது தப்பாகத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் கொடி கட்டுவது என்றால் அதுதான்.

நாலு மணி. சைரன். ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. நாய்கள் ஊளையிடுகின்றன. மாமா வாசலில் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறார். யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். காற்றில் நாட்டுக்கொடி கழியோடு சுருண்டுகொண்ட நேரம். படத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு மட்டும். நாலு பத்துக்கு அது என் போனுக்கே வருகிறது. கீழே எழுதியிருந்தது: சோறு இங்க, சல்யூட் அங்க.

நாலு இருபதுக்கு முதல் கல். தகரக் கூரையில். டமார்.

"வெளிய வாடா வெள்ளக்காரா!"

மாமா அடுப்புக்கரி நிறம். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாமாவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சந்து முனையில் காதர் பாய் கடை. வாசலில் கொடி. தெருவிலேயே பெரிய கொடி அதுதான். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. என் கால் நின்றுவிட்டது. எந்த முகத்தோடு உள்ளே போவேன்?

"குனிஞ்சு வாங்கக்கா! சீக்கிரம்!"

நாங்கள் நுழைந்ததும் பாய் ஷட்டரைக் கரகரவென்று இறக்கினார். இருட்டு. கறி வாடை. வெளியே ஓடிவரும் கால்கள். கடைக்கு முன்னால் நின்றன. தகரத்தில் தட்டினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. என்னைவிட பாய்க்குத்தான் பயம் அதிகம். நாங்கள் அங்கே அகப்பட்டால் எங்களுக்கு நாலு அடியோடு போய்விடும். அவருக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும்.

மாமாவின் காது மெஷின் ஓட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது. "என்னமா, சண்ட இங்க..." என்று உரக்கத் தொடங்கினார். அவர் வாயைப் பொத்தினேன். மாமனார் வாயைப் பொத்திய மருமகள் நான்.

"இவன் கொடி கட்டியிருக்கான்டா. வா, போலாம்." வெளியே ஒரு குரல். கால்கள் போயின.

ஐந்தே காலுக்குப் போலீஸ் வண்டி வந்தது. அதுவரை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று வாரம் கழித்து மாமா மகளிடம் கிளம்பினார். பெட்டியில் அவரே மடித்து வைத்தது நம் நாட்டுக்கொடி.

"அந்தக் கொடிய எடுக்கலயா மாமா?"

"அது அங்க தெருவுக்குத் தெரு கெடக்குது. இதுதான் அங்க இல்ல."

முருகன் இப்போதும் "சாப்டாச்சாக்கா?" என்று கேட்கிறான். பதில் சொல்கிறேன். பாசத்தில் அல்ல, பயத்தில்.

பாய் கடைக் கொடி மழையில் வெளுத்து, ஓரம் கிழிந்துவிட்டது. போன வாரம் கறி வாங்கப் போனபோது தலை நிமிராமல் கேட்டார். "கழட்டுனா ஏன் கழட்டுனன்னு கேப்பாங்க. கிழிஞ்சு தொங்குனா அவமானப்படுத்திட்டன்னு கேப்பாங்க. நீங்களே சொல்லுங்கக்கா, என்ன பண்ணட்டும்?"

கறிப் பையை வாங்கிக்கொண்டு சில்லறையை எண்ணினேன்.

இழந்தவை. ஜன்னல் கண்ணாடி நான்கு. காது மெஷின் ஒன்று. மூங்கில் கழி ஒன்று, முட்டியில் வைத்து உடைத்திருந்தார்கள். ஜூலை பதினாலு கேக், இனி இல்லை. ஆட்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் கடல் தாண்டிப் போய்விட்டார். இன்னொருவர் அதே கடையில்தான் நிற்கிறார், என்னிடம் கேலி பேசுவதில்லை. மாமாவைக் கல்லெறிந்து விரட்டியது முருகன். பாயைக் கேள்வி கேட்டு விரட்டியது நான்.