ஜும்ஆவுக்குப் பிந்திய ஐந்தாம் இலக்கம்

இணையம் மெதுவாக இருந்தால் மனிதனுக்குக் கோபம் வரும். அதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். 2008 கடைசியில், கல்முனையில் என் நெட் கபேயில் ஒரு படம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் பிளேன்டீ குடித்து முடித்து, என் வீட்டுச் சுகமும் விசாரித்துவிடுவார். என் பழைய வீடியோக் கடையைச் சுனாமி கொண்டுபோன பிறகு, ஒரு வெளிநாட்டு நிறுவனம் இரக்கப்பட்டுத் தந்த கம்பியூட்டர்களில் நடந்த கடை அது. இரக்கத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

லைனை யார் உறிஞ்சுகிறார்கள் என்று பிடிக்க ஒரு மென்பொருளைப் போட்டேன். கம்பியில் போகிற எதுவும் சிறு துண்டுகளாகத்தான் போகும், பக்கெட் என்பார்கள். அவற்றைப் பிடித்து, எந்த இலக்க மெசினுடையது, உள்ளே என்ன இருக்கிறது என்று இது காட்டும். முதலில் என் மெசினின் பக்கெட்டுகளை மட்டுமே காட்டி என் உயிரை வாங்கியது. பிறகு, நிவாரணத்தோடு வந்து மூலையில் கிடந்த பழைய இணைப்புப் பெட்டியை மாட்டினேன். அது ஒருவர் பேச்சை எல்லாருக்கும் அனுப்புகிற வெகுளிப் பெட்டி. அதன்பின் கடை முழுவதும் என் திரையில் ஓடியது. என்னுடைய பக்கெட்டுகள் இடைஞ்சலாக இருந்ததால், என் மெசினுக்குரிய ஒன்றாம் இலக்கத்தை வடிகட்டி மறைத்துவிட்டேன். கடைக்காரன் தன்னையே வேவு பார்ப்பானா?

வெள்ளிக்கிழமைகளில் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் ஜும்ஆவுக்குப் போவேன். தொழுது, சாப்பிட்டுத் திரும்பும்போது பெரியநீலாவணைக் கோகுலன் வாசலில் நிற்பான். கத்தாரில் இருக்கும் அண்ணனோடு சாட்டில் எழுதிக் கதைக்க வருகிறவன்; என்னையும் அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்பான். கடைசி மேசை, ஐந்தாவது, அவனுடையது. அவனும் மற்றவர்களும் உட்கார்ந்து மெசினைப் போட்ட பிறகு, நான் ஆறுதலாக என்னுடையதைப் போடுவேன்.

அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் திரையில் ஐந்தாம் இலக்கம் லைனை முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“தம்பி, படம் இறக்கிற வேலைய நிப்பாட்டுங்க. மத்த ஆக்களும் காசு குடுத்துத்தான் இரிக்காங்க.”

“நான் ஒண்டும் இறக்கல்ல காக்கா,” என்றான் கோகுலன். “கரண்ட நிப்பாட்டிப் போட்டா இலக்கம் மாறும். முதல்ல எழும்புற மெசினுக்குத்தான் ஒண்டாம் இலக்கம். இண்டைக்குக் கடைசியா எழும்பினது ஆர்ர மெசின்? உங்கடய ஒருக்காப் பாருங்களன்.”

புடவைக்கடை அப்துல் ஹமீட் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிடித்து வைத்த பக்கெட்டுகளில் அவனுடைய பேச்சும் இருந்தது. அண்ணன் எழுதியிருந்தான்: தங்கச்சி தர்சிகாவின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை அனுப்பியிருக்கிறேன். தம்பி எழுதியிருந்தான்: சாமான் வந்து சேர்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் வைத்துக் கொடுக்கிறேன். தங்கைமேல் இரண்டு பேருக்கும் உயிர். வாசித்தபோது எனக்கே நெஞ்சு இளகியது.

அந்நாட்களில், பெயர் சொல்லாத ஒரு மனிதர் கடைப்பக்கம் வந்து போவார். வன்னியில் சண்டை இறுகியிருந்தது; அவர் எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்பார். அவரிடம் தம்பி எழுதியதை மட்டும் காட்டினேன். அண்ணன் எழுதியதைக் காட்டவில்லை. பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் இலக்கத் தகடு இல்லாத வேன் ஒன்று நின்றதாம். சேலைப் பெட்டி தெருவில் கிடந்ததாம்.

போர் முடிந்து எல்லாரும் கொடி கட்டிய பிறகும் கோகுலனின் தாய் சாரதாதேவி வெள்ளிதோறும் வருகிறார். ஐந்தாவது மேசையில் உட்காருவார். மகனுடைய கணக்கைத் திறந்து காட்டுவேன். கடவுச்சொல்லும் ஒரு பக்கெட்டில் வந்ததுதான். அது எப்படி எனக்குத் தெரியும் என்று அவர் கேட்டதில்லை.

“புள்ள ஏதும் எழுதியிருக்கானா மனே?”

“இல்லக்கா. லைன் கொஞ்சம் ஸ்லோ. வரும்.”

“ஓம், வரும். நீங்க இல்லாட்டி எனக்கு ஆரு இரிக்கா.”

அவரிடம் காசு வாங்குவதில்லை. கேட்டால், ஊரில் என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள்.

நீங்கள் கேட்க நினைப்பது தெரியும்: என் மெசினைப் பார்த்தேனா? பார்த்தேன். அவன் சொன்னது சரி. அன்றைக்கு ஐந்தாம் இலக்கம் என்னுடையது. நான் இறக்கப் போட்டு மறந்த சினிமாப் படங்கள்தான் லைனை விழுங்கின. மற்ற நாட்களில் என் வடிகட்டி அதை மறைத்திருக்கிறது. பார்த்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். அந்த மனிதர் கடைக்கு வந்தது சனிக்கிழமை காலையில்.

லைன் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. யாரென்று பிடிக்க இப்போதும் தினமும் அந்த மென்பொருளைத் திறக்கிறேன், என் இலக்கத்தை வடிகட்டிவிட்டு.