மனிஷா பிரைவேட்டா எழுதட்டும்

— அப்போ மனிஷா எழுதுற பேப்பரை நீங்க திருத்த மாட்டீங்களா டீச்சர்?

— இல்லீங்க கோகிலாக்கா. பத்தாவது பொதுப் பரீட்சைங்க அது. தமிழ்நாடு பூரா ஒரே கேள்வித்தாளுங்க. எழுதுன பேப்பரைக் கட்டி வேற ஊருக்கு அனுப்பிருவாங்க. யாரு எழுதுனதுன்னு திருத்துறவங்களுக்கே தெரியாது. நான் அவளுக்கு கிளாஸ் டீச்சர்தான், ஆனா அந்த ஹாலுக்குள்ள எட்டிக்கூடப் பாக்க முடியாதுங்க.

— அந்தக் கதிரையில உக்காருங்க. வந்ததுல இருந்து நிக்கிறீங்க.

— பரவாலீங்க.

— எத்தனை பாடம் டீச்சர்?

— அஞ்சுங்க. ஒவ்வொண்ணுலயும் முப்பத்தஞ்சு எடுக்கணும். நாலுல நல்லா எடுத்து ஒண்ணுல முப்பத்துநாலுன்னாலும் ஃபெயில்தானுங்க.

— அரைப் பரீட்சையில எங்க புள்ள எவ்வளவு?

— கணக்குல பத்தொம்போது. அறிவியல்ல இருபத்தாறு. மத்த மூணும் பாஸுங்க.

— பேப்பரு இன்னும் குடுக்கலைன்னு சொன்னாளே.

— குடுத்து ஒரு வாரம் ஆச்சுங்க.

— அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன் டீச்சர். மழையில மலையில சறுக்கி நான் காலு ஒடஞ்சு கெடந்தேனே, ரெண்டு மாசம். தண்ணி புடிச்சு, சோறாக்கி, தம்பிய அனுப்பி, என்னையும் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனவ அவதான். அவங்கப்பா இருந்திருந்தா அவ பள்ளிக்கூடம் போயிருப்பா.

— தெரியுங்க. வருகைப் பதிவுல பாத்துட்டுத்தான் இருந்தேன். இப்ப என்னன்னா, ஹெச்.எம். சார் மனிஷா பிரைவேட்டா எழுதட்டும்ங்கிறாரு.

— பிரைவேட்டுன்னா நல்லதுதானே டீச்சர்? லவ்டேல் பக்கம் கோட்டு டையோட போற புள்ளைங்க எல்லாம் பிரைவேட்டுல படிக்கிறவங்கதானே. காசிருந்தா நாங்களும் பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம்.

— அது வேறங்க. இது, பள்ளிக்கூடத்துல பேரை எடுத்துடறதுங்க. டி.சி. குடுத்துருவாங்க. அப்புறம் அவளா ஊட்டுல இருந்து படிக்கணும், அவளா விண்ணப்பம் போடணும், வேற எங்கியாச்சும் சென்டர் போட்டா அங்க போய் எழுதணும்.

— பாடம் யாரு சொல்லித் தருவா?

— யாருமில்லீங்க.

— சாயங்காலம் வைக்கிறீங்களே, ஸ்பெஷல் கிளாசு?

— பேரு இருக்கிற புள்ளைங்களுக்குத்தானுங்க.

— பஸ் பாசு?

— அதுவும் அப்படித்தானுங்க. மத்தியானச் சாப்பாடும்.

— வீட்டுல இருந்தா அவ எங்க படிக்கிறது. எடுபிடி வேலை வந்துரும். தேயிலைத் தோட்டத்துல ஆளு பத்தலைன்னு கங்காணி வருவாரு. அதுக்குள்ள யாராவது பொண்ணு கேட்டும் வந்துருவாங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஒம்போதாவதுல. ஏன் டீச்சர், எங்க புள்ளைய மட்டும்?

— அவ மட்டும் இல்லீங்க. மூணு பேரு. சோலூர்ல இருந்து வர்ற பையன் ஒருத்தன், அப்புறம் ஸ்டெபின்னு இன்னொருத்தன். போன வருசம் நம்ம ஸ்கூல்ல நூத்துக்கு நூறு பாஸுங்க. சாரை மேடையில ஏத்தி சால்வை போட்டாங்க. இந்த வருசமும் அந்த நூறு வேணும். தேறாதுன்னு தோணுற பேரைப் பரீட்சைக்கு அனுப்புற லிஸ்டுல இருந்து இப்பவே எடுத்துட்டா மிச்சம் இருக்கிறவங்க எல்லாரும் பாஸ். பள்ளிக்கூடம் துரத்துன மாதிரி இருக்கக் கூடாதுன்னு, பெத்தவங்களே கேட்டுக்கிட்ட மாதிரி லெட்டர் வாங்குறாரு. குடும்பச் சூழ்நிலைன்னு காரணம் எழுதி.

— போன வருச நூறும் இப்படி வந்ததுதானா?

— ரெண்டு லெட்டருங்க. ரெண்டையும் ஊடு தேடிப் போய் வாங்கிட்டு வந்தவ நான்தான்.

— நீங்களா?

— நானேதான். ஒரு புள்ள இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா. பரீட்சை எழுதவே இல்லை. இன்னொருத்தன் எங்க போனான்னே தெரியலீங்க.

— இந்த வருசமும் ஏன் டீச்சர் ஒத்துக்கிட்டீங்க?

— மாட்டேன்னுதான் சொன்னேன். மேட்டுப்பாளையத்துல எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அங்க எனக்கு மாறுதல் ஆர்டர் வந்து நாலு மாசமாச்சுங்க. பதிலுக்கு ஆளு வரலைன்னு சொல்லி சார் என்னை விடுவிக்கலை. மூணு லெட்டரும் வந்தா மறுநாளே அனுப்பிடறேன்னாரு. எங்க பக்கத்து ஊட்டு அக்கா தெனமும் போன் பண்ணி, ராஜி, அம்மா இன்னைக்கு உன்னைத்தான் கேட்டாங்கன்னு சொல்றாங்க. என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு வாரமா இழுத்துட்டு இருந்தேன்.

— நெசத்தச் சொல்லுங்க. எங்க புள்ள பாஸ் பண்ணுவாளா?

— உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா கணக்குல வடிவியல் படம் வரையறதுக்கு எட்டு, கிராஃபுக்கு எட்டு, பதினாறு மார்க்கு அதுலயே இருக்கு. அவளுக்கு கை நல்லா வரும். திங்கக்கிழமை வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொன்னேன், கிளாஸ்லயே அவளுதுதான் சுத்தமா இருந்துச்சு. அறிவியல்ல செய்முறைத் தேர்வு மார்க்கும் சேர்ந்துரும். ரெண்டு மாசம் பக்கத்துல உக்கார வச்சா ரெண்டுலயும் முப்பத்தஞ்சைத் தொட்டுருவான்னுதான் எனக்குத் தோணுது.

— தொடலைன்னா?

— ஜூலையில மறுபடி எழுதலாம். நம்ம ஸ்கூல் புள்ளையா இருந்து ஃபெயிலாகறதும், யாருமில்லாம விட்டுட்டு ஃபெயிலாக்கறதும் ஒண்ணில்லீங்க. ஃபெயிலாகறதுக்குக்கூட அவளுக்கு உரிமை இருக்கு.

— பேரு லிஸ்டு எப்ப போகுது?

— நாளைக்குக் காலையிலங்க.

— போயிட்டா?

— அதுல இருக்கிறவங்க எழுதுவாங்க. அவ்வளவுதான். கோகிலாக்கா, இப்படித் திரும்பி என்னைப் பாருங்க. உங்க கையெழுத்துக்காக எழுதுன அந்த லெட்டர் என் பையிலதான் இருக்கு. நான் அதை வெளிய எடுக்கப் போறதில்லை. மனிஷா அம்மா சம்மதிக்கலைன்னு சார்கிட்ட சொல்லிடறேன். என் ஆர்டர் கெடந்தா கெடக்கட்டும், லீவு போட்டு அம்மாவைப் போய்ப் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. யாரு வந்து கேட்டாலும், சாரே வந்து கேட்டாலும், எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க.

— காலையில கொழுந்து நிறுக்கிற எடத்துக்கே சார் வந்துட்டாரு டீச்சர். உங்க புள்ள நல்லதுக்குன்னாரு. வெறுந்தாள்ல போட்டுக் குடுத்துட்டேன். எதுல கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு நேரமும் உங்ககிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டுட்டு இருந்தேன்.