பாடுமுன் இரண்டு நாள் மௌனம்

இஞ்சிக் கஷாயத்தில் சர்க்கரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் போட வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் தொண்டையில் ஒட்டும் என்பது என் கட்சி. செபு நகரத்தில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறேன், ஐயா.

நான் பாட்டுப் பழக்கிய மூன்று பெண்களும் மீன் சந்தைப் பக்கம் வளர்ந்தவர்கள். ஜூவி மேல் குரல், ஜெம்மா கீழ்க் குரல், அர்லின் நடுக் குரல். நடுக் குரலை யாரும் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் இரண்டு வீட்டுச் சண்டை மாதிரி ஆகிவிடும். மாதா கோயில் பாட்டில் தொடங்கி, பேட்டைத் திருவிழா, வானொலி என்று ஏறி, மணிலாவின் மதிய நேரத் தொலைக்காட்சிப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தோம். அப்போது அர்லினுக்குப் பதினைந்து வயது.

பாடுவதற்கு முந்தைய இரண்டு நாளும் பேசக் கூடாது. அது என் விதி. ஆளுக்கொரு சிலேட்டுப் பலகை, கழுத்தில் கயிறு. ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூன்று பெண்களின் வாயை நான் மூடியிருந்தேன். தொலைக்காட்சிக்காரன் ஒருவன் கேலியாகக் கேட்டான்: "என்ன நொர்மா அத்தை, பாட்டுக்காரிங்கன்னு சொல்லி ஊமைப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"சனிக்கிழமை மேடைக்கு எதிர்ல வந்து உக்காரு தம்பி, தெரியும்" என்றேன்.

வியாழக்கிழமை காலை அர்லின் 'வயிறு வலிக்குது' என்று எழுதிக் காட்டினாள். வாயுவாக இருக்கும் என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். எங்கள் பக்கம் எல்லாத் தாய்மாரும் அதைத்தான் செய்வார்கள். வெள்ளிக்கிழமை 'வலப்பக்கம், கீழே' என்று எழுதினாள். அதைத் துடைத்தேன். பிறகு 'அம்மா' என்று மட்டும் எழுதினாள். அவள் அம்மா செபுவில் துணி வெளுக்கிறாள், கப்பலேறி வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதையும் துடைத்தேன்.

ஜூவிதான் விதியை மீறினாள். "அத்தை, அவ உடம்பு நெருப்பா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், அத்தை."

"உன் குரல் கட்டிக்கிட்டா நாளைக்கு மேல் குரல் யாருடி பாடுவா? வாயை மூடு."

அவள் வாயை மூடிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல் அழவும் நான் பழக்கியிருந்தேன்.

சனிக்கிழமை காலை தொலைக்காட்சி நிலையத்து நர்ஸ் அர்லினின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஏம்மா, எங்கயாவது வலிக்குதா? சொல்லு கண்ணு." அர்லின் என்னைப் பார்த்தாள். நான் தலையை லேசாக அசைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவளும் நர்ஸைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தாள். கொஞ்ச நேரத்தில் சிலேட்டில் 'வலி போயிடுச்சு அத்தை' என்று எழுதிச் சிரித்தாள்.

வலி அப்படிச் சட்டென்று போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ஐயா. என் தம்பி ஒன்பது வயதில் அப்படித்தான் சிரித்தான். குடல்வால் உடைந்திருக்கிறது என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். அவன் அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தான். எங்களுக்குத் தேவைப்பட்டது மூன்று மணி நேரம்.

மதியம் பாடினார்கள். நடுக் குரல் ஒரு இடத்திலும் ஆடவில்லை. அரங்கமே எழுந்து நின்றது. முதல் பரிசு எங்களுக்குத்தான். இன்னொரு பாட்டுக் கேட்டார்கள், அதையும் பாடினாள். பிறகு மேடையின் பின்பக்கம் விழுந்தாள். திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டாள். நான் வேறென்ன செய்திருக்க முடியும்? இப்படி ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு மறுபடி வருமா?

அவள் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் பிள்ளை வலியில ரொம்பக் கத்துச்சா, அத்தை? சொல்லுங்க, கத்துச்சா?"

"இல்லம்மா. ரெண்டு நாளும் ஒரு முனகல்கூட இல்ல" என்றேன். அந்த அம்மாளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.