ஒழுகாத லொறி

ஹெக்டர்: மர்ஸூக் நானா, என்ட லொறிய என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?

மர்ஸூக்: கிளச் பிளேட் போட்டனான். ஏன், கியர் விழேல்லையோ?

ஹெக்டர்: கியரெல்லாம் வழுக்கிட்டு விழுது.

மர்ஸூக்: சத்தம் ஏதும்?

ஹெக்டர்: சத்தமும் இல்ல.

மர்ஸூக்: அப்ப முதலாளி காலங்காத்தால வந்து, கொட்டாஞ்சேனை முழுக்கக் கேக்கிற மாதிரிக் கத்துறது என்னத்துக்கு?

ஹெக்டர்: ஒயில் ஒழுகல்ல, நானா.

மர்ஸூக்: …என்ன?

ஹெக்டர்: ஒழுகல்ல. லொறிக்கு அடியில காட்போட் மட்டைய விரிச்சு வச்சிட்டுப் படுத்தேன். எழும்பிப் பாத்தா வச்ச மாதிரியே காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டு இல்ல.

மர்ஸூக்: ஊர் உலகத்தில எல்லாரும் ஒழுகுது ஒழுகுது எண்டு வாறாங்கள். ஒழுகேல்ல எண்டு வந்த முதல் மனுசன் நீங்கதான். இருங்கோ, ஒரு பிளேன்டீ சொல்றன். உடம்புக்கு ஏதோ சரியில்ல.

ஹெக்டர்: டீ வேணாம். புகையும் இல்ல. முந்தி ஸ்டார்ட் பண்ணினா ஜம்பட்டா வீதி முழுக்க நீலப் புகை. கோயில்ல பூசை காணுற சனம் கூட இருமும். இப்ப…

மர்ஸூக்: சனம் வந்து நன்றி சொல்லேல்லையோ?

ஹெக்டர்: நக்கல் அடிக்காதீங்க. நான் உங்கள்ட்ட என்ன செய்யச் சொன்னேன்? கிளச் பிளேட். அவ்வளவுதானே?

மர்ஸூக்: கிளச் பிளேட் போடக் கியர்பொக்ஸை இறக்கோணும். இறக்கினா எஞ்சின்ட பின் சீல் நேரா முன்னால நிக்குது, பிஞ்சு போய். ஒழுக்கு அதாலதான். நான் என்ன, கண்ணைப் பொத்திக்கொண்டு கியர்பொக்ஸைத் திருப்பி ஏத்திறதோ? மாத்தினன்.

ஹெக்டர்: சரி, ஒழுக்குக்கு அது. புகை வந்தது மேலயிருந்து. அதுவும் கியர்பொக்ஸோட சேந்து இறங்கிச்சா?

மர்ஸூக்: அது… வால்வு சீல். அதையும் மாத்திப்போட்டன். காலம ஸ்டார்ட் பண்ணேக்க மட்டும் நீலமா அடிச்சிட்டு நிண்டா, வால்வு சீல். மேட்டில ஏறேக்க விடாம அடிச்சா, ரிங் தேய்ஞ்சு போச்செண்டு அர்த்தம். உங்கடதுக்கு ரிங் திறம். மூண்டு லட்சம் மைல் ஓடின எஞ்சின் எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்கள்.

ஹெக்டர்: ஆர் கேட்டது இதெல்லாம் மாத்தச் சொல்லி?

மர்ஸூக்: ஒருத்தரும் கேக்கேல்ல.

ஹெக்டர்: காசும் எடுக்கல்ல.

மர்ஸூக்: எடுக்கேல்ல.

ஹெக்டர்: ஒரு நட்டுத் தொலைஞ்சா ரெண்டு நாளைக்குப் புறுபுறுக்கிற மனுசன், சும்மா செஞ்சீங்களாக்கும்.

மர்ஸூக்: நல்ல மனசு எண்டு வச்சுக்கொள்ளுங்கோவன்.

ஹெக்டர்: அது எப்ப தொடக்கம்? சட்டைப் பொக்கெற்றைத் தடவுறத விட்டிட்டு என்ட மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

மர்ஸூக்: நீங்க சொல்லுங்கோ முதல்ல. ஒழுகாட்டி உங்களுக்கு என்ன குடி முழுகிப் போச்சு?

ஹெக்டர்: முழுகத்தான் போகுது. என்ட டிரைவர் சூசைதாசன் போன கிழமை மா மூட்டை ஏத்திக்கிட்டுக் கிளிநொச்சிக்குப் போனான். முந்தியெல்லாம் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில ஆமி மாத்தயா லொறிக்குக் கிட்ட வருவார், புகையைக் கண்டதும் மூக்கைப் பொத்துவார். உள்ளுக்க இருக்கிற நாலு கான் ஒயிலையும் பாப்பார், லொறியையும் பாப்பார். பாவம், கிழட்டு எஞ்சின், குடிக்குதுதானே எண்டு நினைச்சு, 'யன்ன, யன்ன', போ போ எண்டு விட்டுருவார்.

மர்ஸூக்: ஒயில் அங்கால, இயக்கத்தின்ட பக்கம், போகக்கூடாத சாமான் எல்லோ.

ஹெக்டர்: அதான் சொல்றேன். ஓடுற லொறிக்கு எண்டா விடுவாங்க. இந்த முறை அவர் குனிஞ்சு பாத்தார். சொட்டில்ல. எஞ்சினைப் போடு எண்டார். புகையில்ல. நாலு கானையும் இறக்கிட்டு, இனி இப்பிடி வந்தா டிரைவரையும் சேத்து இறக்குவேன் எண்டு சொல்லியிருக்கார். நாளைக்கு விடியத் திரும்பவும் லோட் இருக்கு. சூசைதாசன் மாட்டேன் எண்டு நிக்கிறான்.

மர்ஸூக்: இதுக்கு ஏன் அழுவான்? கானை விட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ. எஞ்சின்தான் குடிக்காதே.

ஹெக்டர்: …வழியில தேவைப்பட்டா?

மர்ஸூக்: தேவைப்படாது.

ஹெக்டர்: பழைய எஞ்சின் நானா, நம்பேலாது…

மர்ஸூக்: ஹெக்டர். நான் சீல் மாத்த முதலே அந்த எஞ்சினைக் கழுவித் துடைச்சு, முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவி, ஓட விட்டுப் பாத்தனான். கசியிற இடத்தில பவுடர் நனையும். நனைஞ்சது ரெண்டு விரலளவு இடம். அந்த ஒழுக்குக்கும் அந்தப் புகைக்கும், போக வர ஒரு போத்தல் ஒயிலே தாராளம். நீங்க ஒவ்வொரு லோட்டோடயும் அனுப்பினது நாலு கான் எண்டு சூசைதாசன் அப்பவே சொன்னவன். மிச்சத்தை ஆர் குடிச்சது?

ஹெக்டர்: மிச்சம்… மிச்சம் வந்து…

மர்ஸூக்: வாயில என்ன, மா மூட்டையோ?

ஹெக்டர்: அப்ப நீங்க… தெரிஞ்சுதான் அடைச்சீங்களா?

மர்ஸூக்: ஓம். தெரிஞ்சுதான் அடைச்சனான். கிளிநொச்சியில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எனக்கொரு கராஜ் இருந்தது, தெரியுமோ? தொண்ணூறாம் ஆண்டு, இயக்கக்காரர் வந்து ரெண்டு மணித்தியாலத்தில போ எண்டாங்கள். முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும். துவக்கோட நிண்டாங்கள். பிள்ளையளை இழுத்துக்கொண்டு வவுனியாவுக்கு நடந்து வந்தனான். இப்ப அவங்கட வாகனத்துக்கு, நான் கை வச்ச லொறியில ஒயில் போகுது. எனக்கு வயிறு எரிஞ்சுது. அடைச்சன்.

ஹெக்டர்: அவங்களுக்கு இல்ல நானா.

மர்ஸூக்: ஓமோம். கோயில் விளக்குக்கு ஊத்துறீங்களாக்கும்.

ஹெக்டர்: கிட்டத்தட்ட. என்ட அக்கா சிஸ்டர் ஐறீன் அங்க கன்னியர் மடத்திலதான் இருக்கிறா. பிள்ளைப்பேறு பாக்கிறாங்க. ஊருக்கே கரண்ட் இல்ல. ஒரு பழைய ஜெனரேட்டரை வச்சு ஒப்பேத்துறாங்க. அதுக்கு மண்ணெண்ணெய் எப்பிடியோ கிடைக்குது, ஒயில்தான் இல்ல. போன கிழமை கான் போய்ச் சேரல்ல. அக்கா டோர்ச் வெளிச்சத்தில தையல் போட்டிருக்கிறா. அந்தப் பொம்பிளை தப்பினது கடவுள் செயல்.

மர்ஸூக்: யா அல்லாஹ்… இதை முதலே சொல்றதுக்கு என்ன?

ஹெக்டர்: உங்கள்ட்டச் சொல்லக்கூடாது எண்டு ஒருத்தர் சத்தியம் வாங்கினவர்.

மர்ஸூக்: என்னட்டையோ? என்னை ஆருக்குத் தெரியும் அங்க?

ஹெக்டர்: நாகேந்திரத்துக்கு.

மர்ஸூக்: …எந்த நாகேந்திரம்?

ஹெக்டர்: உங்களோட ஒண்டா வேலை செஞ்சவர்தான். உங்களைத் தேடிப் பிடிச்சு லொறிய உங்கள்ட்டயே குடுக்கச் சொன்னதும் அவர்தான். இல்லாட்டி இந்தப் பக்கத்தில வேற கராஜா இல்ல, உங்கட வாயைக் கேட்டுக்கொண்டு நான் இங்க நிக்க?

மர்ஸூக்: அவன்ட பேரை இங்க எடுக்காதீங்கோ. பதினொரு வருசம் ஒரே சட்டியில திண்டம். அண்டைக்கு நாங்க வெளிக்கிடேக்க கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்க இருந்தவன். பிறகு என்ட சாமானை எடுத்துப்போட்டான் எண்டும் கேள்வி.

ஹெக்டர்: எடுத்தார்தான். ஒரேயொரு சாமான். மிச்சமெல்லாம் வந்தவன் போனவன் அள்ளிட்டான், கூரைத் தகடு கூட இல்லையாம். அதுக்கு முதலே இவர் மாட்டு வண்டியில ஏத்தி, வைக்கல் போட்டு மூடி, மடத்தில கொண்டு போய்ச் சேத்திட்டார்.

மர்ஸூக்: என்னத்தை?

ஹெக்டர்: உங்கட ஜெனரேட்டரைத்தான்.

மர்ஸூக்: …பச்சை நிறமோ?

ஹெக்டர்: பச்சை. ஒரு பக்கக் கைபிடி முறிஞ்சது.

மர்ஸூக்: அதை முறிச்சதே அந்த மூதேவிதான்.

ஹெக்டர்: அதை நீங்க போய் அவர்ட்டக் கேளுங்க. இப்ப அது பேய்க்குடி குடிக்குது. நாகேந்திரம் அடியில தட்டு வச்சு, ஒழுகினதைத் திரும்பத் திரும்ப ஊத்துறாராம். மூண்டாந்தரம் ஊத்தேக்க தார் மாதிரி வருதாம்.

மர்ஸூக்: எந்தப் பக்கத்தால ஒழுகுது? பெல்ட் ஓடுற முன் பக்கமோ?

ஹெக்டர்: ஓம், முன்னால எண்டுதான் சொன்னவர். எப்பிடித் தெரியும்?

மர்ஸூக்: …ம்.

ஹெக்டர்: என்ன 'ம்'? திரும்பப் பொக்கெற்றைத் தடவத் தொடங்கிட்டீங்க. நாளைக்கு என்ட லொறி ஒழுகுமா ஒழுகாதா? அதைச் சொல்லுங்க.

மர்ஸூக்: ஒழுகும். எஞ்சின்ட மேல் மூடி நட்டுகளை அரைச் சுத்து இளக்கி விடுறன். ஒயில் கசிஞ்சு சூடான புகைக் குழாயில விழும். புகையும் வரும், நாத்தமும் வரும், கீழயும் சொட்டும். மாத்தயா வழமை போல மூக்கைப் பொத்துவார்.

ஹெக்டர்: எஞ்சினுக்கு ஒண்டும் ஆகாதே?

மர்ஸூக்: தாண்டிக்குளம் தாண்டினதும் சூசைதாசனை இறுக்கச் சொல்லுங்கோ. மறந்தானெண்டா நீங்க ஆமிக்குச் சொல்ற பொய் மெய்யாப் போயிடும்.

ஹெக்டர்: வாகனத்தைப் பழுதாக்கிறதுக்கு ஒரு மெக்கானிக் பாஸுக்கு நன்றி சொல்றது இதுதான் முதல் தரம்.

மர்ஸூக்: மத்த பாஸ்மார் நன்றி வாங்காமலே செய்யிறாங்கள்.

ஹெக்டர்: கோபம் போயிட்டுதா?

மர்ஸூக்: உங்களில கோபம் இல்ல. அவனில இரிக்கு. அண்டைக்குக் கதவைத் திறந்து, போயிட்டு வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பான்? எனக்கு அது இப்பவும் நெஞ்சுக்குள்ள நிக்குது.

ஹெக்டர்: பயந்திட்டாராம். உங்கட முகத்தை இனி எப்பிடிப் பாக்கிறது எண்ட வெக்கத்திலதான் சொல்ல வேணாம் எண்டவர்.

மர்ஸூக்: வெக்கம் இரிக்கோ அவனுக்கு. நல்லம்… பொறுங்கோ, போகாதீங்கோ. இதைச் சூசைதாசன்ட்டக் குடுங்கோ. பக்குவமாக் கொண்டு போகட்டும்.

ஹெக்டர்: என்ன இது, ரப்பர் வளையம்… சீலா? லொறிக்கு இன்னும் ஒண்டா? உங்கட நல்ல மனசை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு, நானா.

மர்ஸூக்: லொறிக்கு இல்ல. அது ஜெனரேட்டர்ட முன் சீல். அண்டைக்குப் பின்னேரம் மாத்துறதுக்கெண்டு காலமதான் வாங்கிப் பொக்கெற்றில போட்டனான், அதுக்குள்ள போ எண்டிட்டாங்கள். வழியில மறிச்சுச் சோதிச்சவங்கள் என்ட மணிக்கூட்டை எடுத்தாங்கள், மகள்ட தோட்டைக் கழட்டினாங்கள், இதை மட்டும் குப்பையெண்டு திருப்பித் தந்தாங்கள். நாகேந்திரத்திட்டச் சொல்லுங்கோ, சாமான் வர மூண்டு வருசம் பிந்திப்போச்சு, குறை நினைக்காம மாத்தட்டாம் எண்டு.